மெய்யன்பும் போலியும்: மதுரை மிஷனின் 1847-ஆம் ஆண்டுத் தீர்மானம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

சமயநெறிக்கு உள்ளன்பே உயிர். கோலமும் சடங்கும் அவ்வுயிர் நின்று விளங்கும் உடம்பு. உடம்பு கண்ணுக்குப் புலனாவது. உயிர் அங்ஙனம் புலனாவதன்று. ஆகலின், உயிரில்லாப் பாவைக்கும் உடையுடுத்தி உயிருடையது போலக் காட்டுதல் எளிதாயிற்று. எச்சமயத்தும் மெய்யன்பரோடு போலியரும் விரவி நிற்றற்குக் காரணம் இதுவேயாம். திருவள்ளுவனார் 'கூடாவொழுக்கம்' என ஓரதிகாரம் வகுத்ததும், திருமூலநாயனார் ஆறாந்தந்திரத்துள் 'அவவேடம்', 'தவவேடம்' என இருவேறு தலைப்பு அமைத்ததும் இவ்வுண்மை நோக்கியே என்க.

கிறிஸ்து சமயத்தாரும் இவ்வினாவினின்றும் தப்பினாரல்லர். மெய்யன்பரைப் போலியரினின்றும் பிரித்தறிதற்கு அளவுகோல் ஒன்று உண்டோ, உண்டாயின் அதனைக் கையிலெடுத்தற்குரியார் யாவர் என்னும் வினா, பாண்டிநாட்டில் மதுரை, திண்டுக்கல், நிலக்கோட்டைச் சீமைகளிற் பரவிய ஒரு கிறிஸ்தவ சபையில் 1847-ஆம் ஆண்டு ஒரு தீர்மான வடிவாக எழுந்தது. அத்தீர்மானத்தின் நன்மையும் குற்றமும் நடுவுநிலை பிறழாது ஈண்டு ஆராயப்படும். பிறர் மனையிற் குறைகாண்டல் இதன் நோக்கமன்று. அவ்வினா சைவநன்மக்களுக்கும் உரியதாகலின், அவர்க்குப் பயன்படுதலே நோக்கமாம்.

தீர்மானத்தின் வரலாறு

அமெரிக்க தேசத்தில் 1810-ஆம் ஆண்டு தோன்றிய மிஷன் சங்கமொன்று, 1816-ல் யாழ்ப்பாணத்தில் நிலைகொண்டு, அங்கிருந்து 1834-ல் மதுரைக்கு வந்தது. மறு ஆண்டிலே திண்டுக்கல்லில் அதற்கோர் நிலையம் ஏற்பட்டது. பின்னாளில் நிலக்கோட்டைக்கு அணித்தாகிய வத்தலக்குண்டிலும் ஒரு நிலையம் அமைந்தது. பாதிரிமார் பள்ளிகள் வைத்தனர். உபதேசிமாரை நியமித்துச் சம்பளம் தந்தனர். ஊர்தோறும் சிறு கூட்டங்களைச் சேர்த்தனர்.

சேர்ந்தோர் பல சாதியினர். அவர் ஒரு வேதத்தைப் படித்தனர். ஒரு ஜபத்தைச் சொல்லினர். ஆயின், ஒருவர் மனையில் ஒருவர் உண்ணார். ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமரார். கர்த்தருடைய பந்தி எனப் போற்றப்படும் திருவிருந்திற் கலந்தவர், தம் வீட்டுப் பந்தியிற் கலக்க மறுத்தனர். இதனைக் கண்ட பாதிரிமார் 1847-ஆம் ஆண்டிற் கூடி, சாதியாசாரம் புறச்சமயத்தின் இன்றியமையாத ஓர் உறுப்பென்றும், தக்க உபதேசம் பெற்றபின் அதனை முற்றும் துறத்தல் ஒருவனுடைய பக்திக்குரிய போதிய சான்றுக்கு இன்றியமையாததாமென்றும், எக்குலத்துக் கிறிஸ்தவரோடும் தக்க சமயத்தில் உடனுண்ண இசைதல் அத்துறவின் குறைந்த அளவாமென்றும் முடிவு செய்தனர். இசையாத உபதேசிமாரும் சபையாரும் பலர் நீக்கப்பட்டனர். பின்னர் மனந்திரும்பி மீண்டவரும் உளர்.

இம்முடிபு அக்காலத்துக் கிறிஸ்தவர் அனைவர்க்கும் உடன்பாடன்று. இதே மதுரைக்கு 1606-ஆம் ஆண்டு வந்து, தத்துவபோதகர் எனப் பெயர்பூண்டு, காவியுடுத்துப் பூணூலும் சந்தனமும் தரித்து வாழ்ந்த இராபர்ட் டி நொபிலி என்னும் கத்தோலிக்கத் துறவியைப் பற்றி முன்னரே இவ்வழக்கு எழுந்திருந்தது. இவர் கிறிஸ்தவத்தை விட்டுப் புறச்சமய வேடம் பூண்டார் என்று அவருடைய சபையினரே குற்றஞ்சாட்ட, அவ்வழக்கு ரோமாபுரி வரை சென்றது. 1623-ஆம் ஆண்டு பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார், அவ்வடையாளங்களை உலகவழக்கெனக் கொண்டு, சில கட்டுப்பாடுகளோடு அனுமதித்தார். 1850-ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய புரொட்டஸ்டாண்டு மிஷன்மார் பெரும்பாலார் மதுரைத் தீர்மானத்தோடு ஒத்த கருத்தே கொண்டனராயினும், லைப்சிக் லுத்தரன் மிஷனார் மட்டும் சாதி உலகியல் ஒழுங்கேயன்றிச் சமயப்பொருளன்றென உடன்படாது நின்றனர். ஆகவே, எது உயிர், எது உடை என்பதில் அவருள்ளே இருவேறு கொள்கை நிலவினமை தெளிவாம்.

அளவுகோல் வந்த வழி

பக்திக்குச் சான்று வேண்டுமென்னும் எண்ணம் மதுரையிற் புதிதாக முளைத்ததன்று. அமெரிக்க தேசத்தின் வடகீழ்ப் பகுதியிற் குடியேறிய கிறிஸ்தவர், ஒருவன் உள்ளம் மாறினமைக்கு அறிகுறி காட்டினாலன்றி அவனைச் சபையின் முழு உறுப்பினனாக ஏற்பதில்லை என்னும் வழக்கமுடையவர். அவர் பிள்ளைகள் பலர் அத்தகைய அறிகுறி காட்டமாட்டாமையால், 1662-ஆம் ஆண்டில் அரையுடன்படிக்கை எனப்பட்ட ஒரு தளர்வு ஏற்படுத்தவேண்டியதாயிற்று.

அவ்வழியில் வந்த யோனத்தான் எட்வர்ட்ஸ் என்னும் போதகர், 1746-ஆம் ஆண்டில் சமயவுணர்ச்சிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கண்ணீர் சொரிதல், உடல் நடுங்குதல், வேதவசனங்கள் நெஞ்சில் தாமே தோன்றுதல், நாவன்மை முதலிய பன்னிரண்டும் மெய்ப்பக்தியை உறுதிப்படுத்தா என முதலில் விலக்கினார். பின்னர் மெய்யுணர்ச்சிக்குரிய பன்னிரண்டு குறிகளை வகுத்து, அவற்றுள் இறுதியதாகிய நல்லொழுக்கத்தைத் தலையாய குறியென வைத்தார். இத்துணை நுணுக்கமாக ஆராய்ந்தவரே, பிறருள் மெய்யர் இன்னார், போலியர் இன்னார் என ஐயமறப் பிரித்துக்காட்டும் குறிகளைத் தருதல் தம் கருத்தன்றெனவும் அந்நூலில் உரைத்தார். ஆயினும், திருவிருந்திற்கு வருவோர் தம் பக்தியை அறிக்கையிடல் வேண்டுமென அவர் பிற்காலத்து வற்புறுத்தவே, 1750-ஆம் ஆண்டில் அவருடைய சபையாரே அவரை விலக்கினர். அறிவினால் ஐயுற்றவர் ஆட்சியில் துணிந்தார் என்பது இதனாற் பெறப்படும். மதுரை மிஷனார் இம்மரபின் வழித்தோன்றல்கள். அவர் கொணர்ந்த கோல் பழையது. அளக்கப்பட்ட நிலம் புதிது.

தீர்மானத்தின் நற்பகுதி

குற்றங்கூறு முன்னர் நற்பகுதியை எடுத்தோதுதல் அறமாம். சாதி உலகியல் ஒழுங்கே, அதனைச் சமயம் தீண்டவேண்டா எனக் கைகழுவியவிடத்து விளைந்தது யாதெனின், சமயமே சாதிக்குக் கோயில் கட்டித் தந்தமையாம். நொபிலியார்க்குப் பின் 1640-ஆம் ஆண்டளவில், உயர்குலத்தார்க்கு ஒருவகைத் துறவியரும், ஏனையோர்க்குப் 'பண்டாரசுவாமிகள்' என வேறொருவகைத் துறவியரும் ஏற்பட்டனர். சைவப் பண்டாரங்களின் பெயரையும் கோலத்தையும் எடுத்துக்கொண்டவர், சாதிவேலியையும் உடன் எடுத்துக்கொண்டனர். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வடக்கன்குளத்தில் 1872-ஆம் ஆண்டு முற்றுப்பெற்ற கத்தோலிக்கக் கோயில், பீடத்தில் வந்து கூடும் இரண்டு கைகளாக அமைந்து, ஒரு சாதியார் ஒரு கையிலும் ஏனையோர் மற்றொரு கையிலும் நிற்குமாறு இடையே சுவருடையதாய் இருந்தது. 1910-ஆம் ஆண்டில் அச்சுவர் இடிக்கப்பட்டது. இடித்தது தவறெனத் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று, 1917-ஆம் ஆண்டில், தனியிடம் வேண்டினார்க்கு உரிமையில்லையென முடிந்தது.

சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்டவனை நோக்கி, 'இவர் உள்ளம் பழுக்குமளவும் பொறுத்திரு' எனக் கூறுதல் அருளுடையார் செயலன்று. அவன் பொறுத்தற்கு யாது கடன்பட்டான்? ஆகலின், சபைக்குள் இருக்கையிலும் உணவிலும் உத்தியோகத்திலும் பிரிவு கூடாதென விதித்த அளவில் மதுரைத் தீர்மானம் நியாயமுடையதே. அதனை மறுத்துரைப்பார் சாதியைக் காக்கின்றாரேயன்றிச் சமயத்தைக் காக்கின்றாரல்லர்.

தீர்மானத்தின் குற்றம்

இனிக் குற்றம் யாதெனின், ஓர் அறவிதியாக நிற்கவேண்டியதனை உள்ளன்பின் அளவுகோலாக நிறுத்தியமையாம். இதனால் மூன்று பிழைகள் விளைந்தன.

முதலாவது: சோதனை முன்னரே அறிவிக்கப்பட்டதாயின், அதனைப் போலியன் எளிதிற் கடந்துவிடுவான். சம்பளத்தையே நோக்கி நின்ற ஒருவன், விதித்த நாளில் விதித்த பந்தியிலமர்ந்து உண்டுவிட்டு, மனைக்குச் சென்று நீராடி, மகட்கொடையிலும் கொள்வினையிலும் பழைய வழியே நடத்தல் அரிதன்று. சாதி உயிர்வாழும் இடம் பந்தியினும் மணவறையே என்பதை யாவரும் அறிவர். 'என்னால் இயலாது' என்று வெளிப்பட உரைத்து, வேலையையும் சபையையும் இழந்தவனோ, கொள்கையிற் பிழைபட்டவனாயினும் வாய்மையிற் பிழைபட்டானல்லன். ஆக, போலியரைப் பிடிக்க விரித்த வலையில் அகப்பட்டவர் நடியாதவரே. நடிக்க வல்லவர் அதன் கண்களினூடே நழுவிச் செல்ல இடமாயிற்று.

இரண்டாவது: முதிராமையும் போலியும் ஒன்றெனக் கருதப்பட்டன. மாங்காய் புளிக்கும், மண்ணாற் செய்து வண்ணந்தீட்டிய மாம்பழம் புளியாது. புளிப்பை நோக்கி மாங்காயை எறிபவன், நிறத்தை நோக்கி மண்பழத்தைக் கொள்வான். காய்க்கு வேண்டுவது காலம். மண்ணுக்கு எக்காலமும் பயன்படாது. பல தலைமுறையாக ஊறிய பழக்கத்தை ஓராண்டில் உதறமாட்டாதவன் அன்பிலன் என்றல், சரியையில் நிற்பான் ஞானியல்லாமையின் அவன் சைவனே அல்லன் என்பதனோடு ஒக்கும்.

மூன்றாவது: சோதிப்பார் தம்மைச் சோதித்துக்கொண்டாரல்லர். மதுரையில் இத்தீர்மானம் எழுதற்கு ஈராண்டு முன்னர், 1845-ஆம் ஆண்டில் புரூக்ளின் நகரிற் கூடிய அதே அமெரிக்க சங்கத்தின் பேரவை, செரோக்கி, சோக்டா என்னும் செவ்விந்தியர் நடுவே தான் நடத்திய சபைகளில், அடிமைகளை உடைமையாக வைத்திருத்தல் ஒன்றே ஒருவனைத் திருவிருந்தினின்றும் விலக்குதற்குப் போதிய காரணமாகாது என முடிவு செய்திருந்தது. அதனைப் பொறாத கிறிஸ்தவர் 1846-ல் அமெரிக்க மிஷனரி சங்கமென வேறொரு சங்கத்தை அமைத்தனர். மனிதனை மனிதன் விலைக்கு வாங்கி விற்றலினும், மனிதனோடு மனிதன் உண்ண மறுத்தல் கொடிதோ? முற்கூறிய எட்வர்ட்ஸ் போதகர்தாமும் அடிமைகளை வைத்திருந்தவரே. மதுரையிலிருந்த பாதிரிமாரெல்லாம் அடிமைத்தனத்தை விரும்பினர் என்பது இதன் கருத்தன்று. அயலான் கண்ணிற் குற்றமாகத் தோன்றியது, தன் மனையில் உலகவழக்கெனத் தோன்றிற்று என்பதே கருத்து. எந்த நாட்டாரும் தம் பழக்கத்தைப் பழக்கமென்றும், பிறர் பழக்கத்தைப் பாவமென்றும் காண்டல் இயல்பு. கோல் பிடித்தவன் கையும் நடுங்குமாயின், அளவை யாங்ஙனம் நேராகும்?

சித்தாந்த நோக்கு

மேற்கூறிய மிஷன் சங்கத்தின் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக் கல்லூரித் தலைவராயிருந்த ஹொய்சிங்டன் என்பார், 1854-ஆம் ஆண்டில் சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை என்னும் நூல்களை ஆங்கிலத்தில் ஆக்கி வெளியிட்டார். மெய்யன்பையும் வேடத்தையும் பற்றிச் சைவசித்தாந்தம் யாது கூறுமென அச்சங்கத்தாரே அறிதற்கு வாயில் திறந்திருந்தது என்பது இதனால் விளங்கும்.

சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலங்கழுவி அன்பரொடு கூடியவன், மயக்கம் நீங்கி அன்பு மிக்கவருடைய திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே கண்டு வழிபடுவான் எனக் கூறிற்று. வேடமும் அன்பும் ஆண்டு இணைத்தே ஓதப்பட்டன. ஆயினும், எதிர் நிற்பான் உள்ளத்தில் அவ்வன்பு உண்டோ என அளந்தறிந்த பின்னரே தொழுக என்னும் விதி ஆண்டில்லை. வேடத்தைக் கண்டவுடன் சிவநினைவு எழுதல், காண்பானுடைய பக்குவத்திற்கே சான்று.

இதனைச் செயலிற் காட்டினார் மெய்ப்பொருள் நாயனார். முத்தநாதன் திருநீறு பூசி, சடைமுடித்து, ஆகமநூலெனக் காட்டிய கட்டினுள்ளே வாளை மறைத்துவந்தான். போலிக்கு அவனினும் மிக்க எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. நாயனார் அவ்வேடத்தை வணங்கினார்; வெட்டுண்டபோதும், அவனைத் தண்டிக்கப் புகுந்த தத்தனைத் தடுத்து, ஊறு நேராமல் அவனை ஊர்கடத்தி விடச்செய்தார். ஈண்டு ஒன்று கருதத்தக்கது. நாயனார் பணயமாக வைத்தது தம் உடம்பு, பிறருடைய உடம்பன்று. தமக்கு வரும் தீங்கைப் பொறுத்தல் அன்பின் எல்லை. பிறர்க்கு வரும் தீங்கைப் பொறுத்திருத்தல் அன்பாகாது. இவ்வேறுபாடு உணராதார், நாயனார் வரலாற்றைக் காட்டி எல்லாப் போலிக்கும் இடங்கொடுக்கப் புகுவர், அது பொருந்தாது.

அற்றேல், போலி வேடத்தை ஆராய்தல் சைவத்தில் இல்லையோ எனின், உண்டு. திருமூலநாயனார் முதற்றந்திரத்து இராசதோடம் என்னும் பகுதியில், ஞானமின்றிச் சடையும் சிகையும் நூலும் தாங்கி ஞானிகள் போல நடிப்பாரை அரசன் சோதித்தல் வேண்டுமென ஓதினார். ஆயின், அச்சோதனைக்கு மூன்று வரம்பு இட்டார். சோதனை ஞானிகளைக் கொண்டே நிகழ்தல் வேண்டும். அதன் முடிவு அவர்க்கு ஞானம் உண்டாக்குதலாதல் வேண்டும். பயன் நாட்டிற்கு நலமாதல் வேண்டும். விலக்கிக் கழித்தல் அதன் நோக்கமன்று. மதுரைத் தீர்மானத்தில் சோதித்தவர் சம்பளம் தருபவராகவும், சோதிக்கப்பட்டவர் அதனைப் பெறுபவராகவும் இருந்தனர். கூலி தருவான் முன்னர்க் கூலி பெறுவான் காட்டும் பக்தி எத்துணை உண்மையதாயினும், அதில் ஐயம் நிழல்போலத் தொடர்தலைத் தடுத்தல் இயலாது. இது சோதிக்கப்பட்டார் குற்றமன்று. சோதனை அமைந்த வகையின் குற்றமாம்.

மேலும், இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்தியவழிச் சத்திநிபாதம் நிகழுமென்பதும், அதுதானும் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படுமென்பதும், அந்நிலை உயிர்க்குயிராய் நிற்கும் இறைவனுக்கும், அவன் அருள்வழி நின்ற ஆசாரியனுக்குமே புலனாகுமென்பதும் சித்தாந்தத் துணிபு. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கும் அரும்பு, மலர், காய், கனி என வைத்து உணரப்படும். அரும்பைப் போலியென்று கிள்ளுவார்க்குக் கனி இல்லை. கிறிஸ்துநாதரும் கோதுமையும் களையும் விரவிய வயலைப் பற்றிய உவமையில், களையைப் பிடுங்கும்போது பயிரும் உடன்வருமாகலின் அறுவடை வரையில் இரண்டையும் வளரவிடுமாறு கூறினார் என்பது அவர்தம் வேதத்திற் காணப்படும். சோதித்தவர் தம் வேதத்தின் இப்பகுதியையே நினைந்திருப்பின், சித்தாந்தத்தோடு பெரிதும் ஒத்திருப்பர்.

தடையும் விடையும்

கனியால் மரத்தை அறிக என்றும் அவ்வேதம் கூறிற்றே. உடனுண்ணல் அன்பின் கனியன்றோ எனின், கூறுதும் விடை. கனி என்பது மரத்தின் உள்ளிருந்து பருவத்தில் தோன்றுவது. நூலாற் கட்டித் தொங்கவிட்ட பழமும் தொலைவில் நிற்பார்க்குக் கனியாகவே தோன்றும். ஒருநாட் பந்தி ஒருவன் அன்பைக் காட்டாது. வாணாள் முழுதும் அவன் அயலானை நடத்தும் வகையே அதனைக் காட்டும். அவ்வாணாளை முழுதும் காண்பான் இறைவனன்றிப் பிறரல்லர்.

பெரியபுராணத்தில் இக்கனி பருவத்திற் பழுத்தமை பலவிடத்துங் காணலாம். அந்தணராகிய அப்பூதியடிகள், வேளாண்குலத்தில் தோன்றிய திருநாவுக்கரசரைத் தம் மனையில் அழைத்துத் திருவமுது செய்வித்தார். அப்பொழுது மூத்த மகன் அரவு தீண்டி இறக்கவும், அமுதுசெய்வித்தல் தடைப்படுமேயென்று வருந்தினார். திருச்சாத்தமங்கையில் திருநீலநக்கநாயனார், திருஞானசம்பந்தப் பிள்ளையார் சொற்படி, பாணர்குலத்துத் திருநீலகண்ட யாழ்ப்பாணர்க்கும் அவர் மனைவியார்க்கும் தம் இல்லத்து வேள்வித்தீ வளரும் வேதிகையின் பக்கத்தே இடங்கொடுத்தார். அத்தீ வலஞ்சுழித்து ஓங்கிற்று. இவ்விடங்களில் யாரும் யாரையும் சோதிக்க இலை விரித்தாரல்லர். அன்பு நிறைந்து வழிந்தது. வழிந்த வெள்ளத்தில் வேலி தானே மூழ்கிற்று.

அங்ஙனமாயின் எல்லார்க்கும் அன்பு நிறையுமளவும் வேலி நிற்கலாமோ எனின், நிற்றல் கூடாது. இதுவே ஈண்டுத் தெளியவேண்டிய முடிபு. அறம் வேறு, அன்பு வேறு. அறத்தை விதியால் நிலைநிறுத்தலாம், நிலைநிறுத்தவும் வேண்டும். ஏனெனின், அறம் தவறியவழித் துன்புறுவான் மற்றொருவன். அன்பை விதியால் நிலைநிறுத்தலும் ஆகாது, அளத்தலும் ஆகாது. மதுரை மிஷனார், 'இச்சபையுள் எவரும் எவரையும் பிரித்து நடத்தலாகாது' என்று விதித்து அவ்வளவில் நின்றிருப்பின், அவ்விதி அறமாய் நின்றிருக்கும். 'இவ்விதிக்கு இசைந்தவன் பக்தன். இசையாதவன் பக்தனல்லன்' என்று மேலும் ஓரடி சென்றமையால், அறவிதி நடிப்புக்குரிய அரங்காயிற்று. இசைந்தவனும் தன் பக்தி சான்றுபெற்றதென்று செருக்கி, மேலும் வளரவேண்டுவதொன்றில்லையென நின்றுவிடுதற்கு ஏதுவாயிற்று.

சைவர் கடமை

கிறிஸ்து சமயம் புகுந்தோரெல்லாம் சோற்றுக்கும் உத்தியோகத்துக்குமே புகுந்தனர் என்பது சைவர் பலர் நெடுங்காலம் கூறிவரும் வசை. 1847-ஆம் ஆண்டு நிகழ்ச்சி அவ்வசையை முழுதும் மெய்ப்பிப்பதன்று. சம்பளம் ஒரு கையிலும் சாதி மற்றொரு கையிலும் வைத்து வினாவப்பட்டபோது, சம்பளத்தை விட்டுச் சாதியைப் பற்றியவர் பலராயினர். இதனைக் கேட்டுச் சைவர் மகிழ்தற்கும் இடமில்லை. அவர் முன்னோர் மனையினின்று புறப்படும்போது திருநீற்றை விட்டுச் சென்றனர். ஐந்தெழுத்தை விட்டுச் சென்றனர். திருமுறையை விட்டுச் சென்றனர். விடாது கொண்டுசென்றது சாதியொன்றே. அம்மனையில் அவர்க்கு எல்லாவற்றினும் ஆழமாகக் கற்பிக்கப்பட்டது எது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

திருநாளைப்போவார் தில்லையின் எல்லையிற் புறம்பே நின்று வலம்வந்த காலத்து, உள்ளே நின்றவர் அனைவர்க்கும் வேடம் இருந்தது. அன்பு எப்பக்கத்தில் இருந்ததென்பதைத் திருத்தொண்டர் புராணம் உலகறிய ஓதிற்று. ஓதிய அந்நூலைக் கோயில்தோறும் படித்துக் கேட்ட சைவர், அந்நாயனார் குலத்தார்க்குக் கோயில்வாயிலை அடைத்தே வைத்திருந்தனர். மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில் 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் அவ்வாயில் திறக்கப்பட்டது. 1947-ஆம் ஆண்டில், மிஷன் தீர்மானத்திற்குச் சரியாக நூறாண்டின் பின்னர், சென்னை மாகாணத்தில் ஆலயப்பிரவேசச் சட்டம் நிறைவேறிற்று. மதுரை மிஷனின் சபைகளும் அவ்வாண்டு செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை என்னும் பெருஞ்சபையுள் ஒன்றாயின.

ஆலயப்பிரவேசச் சட்டம் அறம் செய்தது, அவ்வளவில் நின்றது. வாயிலிற் புகுவான் அன்பனோ அல்லனோ என அது வினவிற்றில்லை. புக இடந்தந்த பழைய அடியவர் உள்ளம் மாறிற்றோ எனவும் வினவிற்றில்லை. அது வினவாது விட்டதனை ஒவ்வொருவரும் தம்மையே வினவிக்கொள்ளுதல் சைவர் கடனாம். சட்டத்துக்கு அஞ்சி வாயிலைத் திறந்துவைத்து, உள்ளத்தை அடைத்துவைத்தல் சைவத்தின் போலியேயாம். திருநீறு நெற்றியில் விளங்க, நாவில் திருமுறை விளங்க, அயலானைத் தன் திண்ணையில் அமரவிடாதவன், வடக்கன்குளத்துச் சுவரைப் பற்றி நகைத்தற்கு உரியனல்லன்.

பண்டு நிலக்கோட்டைத் தாலுகாவைச் சேர்ந்திருந்த வைகைக்கரைத் திருவேடகம் இவ்வுண்மையை நினைவூட்டும் தலமாம். மதுரையிற் சமயங்களின் மெய்ம்மை சோதிக்கப்பட்ட காலத்து, திருஞானசம்பந்தப் பிள்ளையார் எதிர்ப்பக்கத்தார் ஏட்டை மட்டும் நெருப்பிலும் நீரிலும் இடுக எனக் கூறி விலகி நின்றாரல்லர். தம் ஏட்டையும் தாமே இட்டார். புனலை எதிர்த்துச் சென்ற அவ்வேடு சார்ந்த இடமே திருவேடகமாயிற்று. பிறர் அன்பு மெய்யோ போலியோ என ஆராயப் புகுவார்க்கு அத்தலம் உணர்த்தும் முறை இது: தன் ஏட்டை முதற்கண் நீரில் இடுக. அது எதிரேறிச் செல்லுமாயின் பிறர் அதனைக் கண்டு தாமே பின்வருவர். செல்லாதாயின், பிறர் ஏட்டைப் பற்றிப் பேசுதற்கு யாதுமில்லை.

திருச்சிற்றம்பலம்.